இரண்டாம் பந்தியில் ஒரு ராணி

மார்ச் 3, செவ்வாய்

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் கல்யாணப் பந்தி விசாரித்துப் பேரும் புகழும் மூட்டுவலியும் பெற்ற உலகநாதனாகிய நான், கிழக்குக் கடலைச் சாட்சியாக வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இந்த நோட்டில் எழுதப்போகும் கதையை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். நம்பினால் அது அவர்கள் பாடு.

பந்தி விசாரிப்பது என்றால் சமைப்பது அல்ல. சமையல்காரன் அடுப்புக்குப் பதில் சொன்னால் போதும். நான் இலைக்குப் பதில் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் பெரியப்பா இலையில் விழுந்த அப்பளம், கடைசி இலையில் உட்கார்ந்த வேன் டிரைவருக்கும் விழுந்ததா என்று பார்க்கிறவன் நான். கடையநல்லூரில் ஒரு கல்யாணத்தில் பதினேழாயிரம் பேருக்கு ஒரே வாளி ரசத்தில் பரிமாறி முடித்தேன். கடைசியில் வாளியில் முக்கால் பங்கு மிச்சம். மிச்சத்தில் மணப்பெண்ணின் தம்பி நீச்சல் பழகினான்.

இப்போது பாம்பனுக்கு இந்தப் பக்கம், மண்டபம் என்ற ஊரில், என் அக்கா மகள் செண்பகவடிவின் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். அவள் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. ஓசூரில் என் மகன் வீட்டிலும் எனக்கென்று ஒரு அறை உண்டு. அதில் தற்போது துணி துவைக்கும் மிஷின் குடியிருக்கிறது. அதைக் கிளப்பி விட எனக்கு மனசு வரவில்லை.

வடிவு தேனீயையும் பவளத்தையும் ஒன்றாக வைத்து ஆராய்கிறாள். ஏப்ரல் ஆறாம் தேதி டெல்லியிலிருந்து ஒரு குழு வருகிறதாம். அவள் காட்டுகிற முடிவு சரியில்லை என்றால் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள். அவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆகவே எதிரிகள் இருப்பார்கள். நான் கண்காணிக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

மதியம் சாப்பாட்டுக் கேரியரோடு ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போவது என் உத்தியோகம். இன்றைக்குப் பவளத் தொட்டிகளைக் காட்டினாள். ஒவ்வொரு தொட்டியும் தாமிரபரணியில் பாதி கொள்ளும். வடிவு இதைப் படித்தால் மீன் தொட்டி அளவுதான் என்பாள். அவள் படிக்கக் கூடாது.

ஒரே பவளத்தை இரண்டாக உடைத்திருக்கிறாள். ஒரு பாதியை முன்னமே இளஞ்சூட்டில் கொஞ்ச நாள் பழக்கியிருக்கிறாள். மறுபாதிக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதன் பிறகு இரண்டையும் நல்ல சூட்டில் விட்டிருக்கிறாள். பழகாத பாதி சுண்ணாம்பாக வெளிறிக் கிடக்கிறது. பழகின பாதி கருப்பட்டி நிறத்தில் ஜம்மென்று நிற்கிறது.

"ஒரே தாய் வயித்துப் புள்ளையளா இதுக?" என்றேன்.

"அதுக்கும் மேல மாமா. ஒரே உடம்பு. உள்ள இருக்கிற மரபணு எழுத்து ஒண்ணுதான்."

"பொறவு எப்படி ஒண்ணு வெளுத்துச்சு, ஒண்ணு வெளுக்கல?"

"எழுத்துமேல சின்னச் சின்னதாப் பொட்டு வச்ச மாதிரி அடையாளம் இருக்கு. எந்த வரிய வாசிக்கணும், எந்த வரியத் தாண்டிப் போவணும்னு அது சொல்லும். சூடு பட்டா பவளத்துல பொட்டு எடம் மாறும். சாப்பாடு மாறுனா தேனீயில மாறும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குதேன்."

எனக்கு இது தண்ணீர்பட்ட பாடு. சாம்பார்க் குறிப்பு எல்லாச் சமையல்காரனிடமும் ஒன்றுதான். பெருங்காயம் என்ற வரியைத் தாண்டிப் போகிறவன் கையில் அது வேறு சாம்பார்.

இயக்குநர் அனந்தலட்சுமி அம்மாள் வாசலில் நின்று என் கேரியரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏன் பார்க்க வேண்டும்? குறித்துக்கொண்டேன்.

மார்ச் 9, திங்கள்

இன்று நடந்ததை எழுதும்போது என் பேனா நடுங்குகிறது. பேனா பழசு.

வடிவின் உதவியாளர் ஜகுபர் லீவு. கீழக்கரைக்காரர், என்னை அண்ணாச்சி என்பார், அருமையான மனுஷன், ஆகையால் சந்தேகத்துக்குரியவர். அவர் இல்லாததால் தட்டைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டாள். தட்டில் குழி குழியாக இரண்டு வரிசை. ஒரே ராணியின் முட்டையிலிருந்து பொரிந்த தேனீப் புழுக்களை, கண் இமையால் தொடுகிற மாதிரி ஒரு தூரிகையில் எடுத்து, குழிக்கு ஒன்றாக உட்கார வைத்தாள். நம் ஊர்ப் பந்தி கெட்டது, அத்தனை ஒழுங்கு.

அதன் பிறகு பரிமாறினாள். முதல் வரிசைக்குக் கெட்டியாக, வெள்ளையாக ராயல் ஜெல்லி. நான் அதை ராணிப்பால் என்கிறேன். இரண்டாம் வரிசைக்கு ஏதோ சர்க்கரைத் தண்ணீரில் கலக்கிய நீர்த்த கஞ்சி.

"ஏட்டி, அந்த வரிசைக்கு ராணிப்பால் வரலியே."

"வராது மாமா. இவுகளுக்கு இதான்."

"எதுக்கு?"

"முதல் வரிசை ராணி ஆவும். இது வேலைக்காரி ஆவும். ரெண்டுலயும் பொட்டு எங்கெங்க விழுந்திருக்குன்னு பாக்கணும்."

"ஒரே பந்தியில உக்கார வச்சுட்டு ஒருத்திக்கு நெய்யும் ஒருத்திக்கு நீராகாரமுமா? பந்தி வஞ்சனைடி இது!"

சிரித்தாள். "ஒருத்திக்குக் குடுக்காம இருந்தாத்தான், குடுத்தது என்ன செஞ்சுச்சுன்னு தெரியும். இதுல கைய வச்சா எல்லாம் போச்சு மாமா. ஏப்ரல் ஆறாம் தேதி நான் அவுகளுக்குக் காட்டப்போறதே இந்த வித்தியாசத்தத்தான்."

புரிந்தது என்று தலையாட்டினேன். நன்றாகவே புரிந்தது.

சம்பந்தமே இல்லாமல் ஒன்று நினைவுக்கு வந்தது. அம்பாசமுத்திரத்தில் என் அக்கா வீட்டில் ஒரே ஒரு கோழி. அது இடுகிற முட்டை, வடிவின் அண்ணன் நயினாருக்கு. பையன் படிக்கிறவனாம். வடிவும் அதே வகுப்பில் அதே பாடத்தைத்தான் படித்தாள், ஒரு வயசு சின்னவளாக இருந்தும். நான் அங்கே போகிற நாட்களில் பரிமாறுகிற கரண்டி என் கையில் இருக்கும். இதற்கு மேல் எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

மார்ச் 10, செவ்வாய்

கேரியர்: வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, பீர்க்கங்காய்த் துவையல். ஜகுபரும் வடிவும் முன்னறையில் சாப்பிட்டார்கள். நான் உள்ளறையில் சற்றுக் காற்று வாங்கினேன்.

மார்ச் 11, புதன்

கேரியர்: கூட்டாஞ்சோறு. சாப்பிடுகிறவர்களுக்கு உண்ட மயக்கம். உள்ளறையில் காற்று வாங்கினேன். உள்ளறையில் புழுத் தட்டை வெதுவெதுப்பாக வைக்கிற இன்குபேட்டர் ஓடுவதால் உலை மாதிரி அடிக்கும். ஆனாலும் காற்று நல்ல காற்று.

மார்ச் 12, வியாழன்

சந்தேகத்துக்குரிய விஷயம்! குளிர்பெட்டியில் வைத்திருந்த ராணிப்பால் குறைகிறதாம். காலையில் வடிவு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் உடனே துப்புத் துலக்கத் தொடங்கினேன். முதலில் இயக்குநர் அம்மாளின் டிரைவர். நாற்பதைத் தாண்டியும் அந்த ஆள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. ராணிப்பால் பூசுகிறானோ? அடுத்தது, ஜன்னலில் உட்காரும் ஒற்றைக் கண் காக்கை. அதற்குப் பாட்டில் மூடி திறக்கத் தெரியும் என்று நம்ப எனக்குக் காரணங்கள் உண்டு. போன வாரம் ராமேஸ்வரம் ரயிலில் அதுவே டிக்கெட் எடுத்துப் போனதைப் பார்த்தேன். மூன்றாவதாக, வெளிநாட்டு உளவாளி. கடலுக்கடியில் நீந்தி வந்து, மூக்குக் குழாயோடு குழாயடியில் ஒளிந்திருக்கலாம். இன்று அங்கே ஈரமாக இருந்தது.

கேரியர்: தக்காளி சாதம். காற்று வாங்கினேன்.

மார்ச் 14, சனி

வடிவு சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாம் வரிசைப் புழுக்கள் இருக்க வேண்டியதைவிடப் பெரிசாக இருக்கின்றனவாம். சில முதல் வரிசைக்குச் சமமாம்.

"நல்ல விஷயம்தானே," என்றேன். "புள்ளைய தேறிக்கிட்டுதுக."

"நல்ல விஷயமா? யாரோ உள்ள பூந்து குடுத்திருக்காக மாமா. ரெண்டு வரிசையும் ஒண்ணாப் போச்சுன்னா என்கிட்ட ஆராய்ச்சியே இல்ல. பவளம் மட்டும் வச்சு நான் என்ன பேச?"

"அந்தக் காக்கை..."

"மாமா."

அவள் அந்தக் குரலில் மாமா என்றால் நான் பேசுவதில்லை. பதினேழாயிரம் பேரை அடக்கியவன் நான். ஆனால் பேசுவதில்லை.

உள்ளறைப் பக்கம் போகவில்லை. காற்றும் இன்றைக்குச் சரியில்லை.

மார்ச் 15, ஞாயிறு

லீவு நாளிலும் போனாள். நானும் கூடப் போனேன். புழுக்கள் கூடு கட்டத் தொடங்கிவிட்டதால் அவற்றை வேறு தட்டுக்கு மாற்றிவிட்டு, காலிக் குழிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜகுபர் பக்கத்தில் நின்றார்.

"என்னத்தப் பாக்கீங்க டாக்டர்?"

"ராயல் ஜெல்லிதான். ஆனா மேல இல்லண்ணே. அடியில இருக்கு. கஞ்சிய மெள்ள ஒதுக்கி, அடியில கெட்டியா வச்சு, திரும்பக் கஞ்சியால மூடியிருக்காக. ஒவ்வொரு குழியிலயும். ஒண்ணு விடாம."

"கெடுக்க வர்றவன் இத்தன பொறுமையாவா கெடுப்பான்?" என்றார் ஜகுபர். "மேலாக்க ஊத்திட்டு ஓடிருப்பானே."

வடிவு கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்கவில்லை. எனக்கென்னவோ அவள் குழியைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி தெரியவில்லை.

மிகவும் சந்தேகத்துக்குரிய பார்வை.

மார்ச் 16, திங்கள்

இயக்குநர் அம்மாள் வந்தார். அவர் நடந்து வந்தால் தொட்டித் தண்ணீர் தானாகவே அலையடிக்கும். நேராக ஜகுபரிடம் போனார்.

"குளிர்பெட்டி சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான் மேடம். மதியம் மட்டும் கதவுலயே கெடக்கும்."

"ராயல் ஜெல்லிய வெளிய வாங்கறதுக்கு ஆள் இருக்கு, தெரியுமில்ல? எடுத்ததை மறைக்கறதுக்கு டாக்டரோட தட்டுல கலந்து கணக்கக் குழப்பினீங்களா?"

"அல்லா மேல சத்தியமா இல்ல மேடம்."

"இந்த மாசக் கடைசில உங்க கான்ட்ராக்ட் முடியுது. புதுப்பிக்கறதப் பத்தி நான் யோசிக்கணும்."

வடிவு, "மேடம், எனக்கு ரெண்டு நாள் குடுங்க. நான் விசாரிச்சுச் சொல்லுதேன்," என்றாள்.

ஜகுபர் வெளியே வந்து, கேரியரை மூடிக்கொண்டிருந்த என்னிடம், "அண்ணாச்சி, நீங்க தெனமும் இங்கன வந்து போறிய. யாராச்சும் உள்ள போறதப் பாத்தியளா?" என்று கேட்டார்.

"காக்கை ஒண்ணு," என்றேன்.

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை அவருக்கு.

நியாயமாகப் பார்த்தால் நானும் ஜகுபரைத்தான் சந்தேகிக்க வேண்டும். சாவி அவரிடம் இருக்கிறது. ஆள் நல்லவர். வீட்டுத் தேங்காய்ப்பால் கஞ்சியை எனக்குத் தூக்குவாளியில் கொண்டுவந்து தருகிறார், ஏன் தர வேண்டும்? சாட்சியம் எல்லாம் அவருக்கு எதிராகத்தான் இருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

பசியில்லை.

மார்ச் 18, புதன்

இன்றைக்குச் சமையல் வடிவு. நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன், கேட்கவில்லை. என்னை உட்கார வைத்துத் தட்டில் சோறு போட்டாள். குவியலாக, மேலே சுண்டைக்காய்க் குழம்பு ஊற்றி. தானும் ஒரு தட்டோடு எதிரில் உட்கார்ந்தாள்.

இரண்டாவது கவளம் எடுக்கும்போது விரலில் ஏதோ வழுக்கியது.

சோற்றுக்கடியில் ஒரு முட்டை. அவித்து, உரித்து, உப்பும் மிளகும் தடவி, சோற்றால் மூடி வைத்திருந்தது.

நான் சோற்றை இழுத்து மறுபடி மூடினேன்.

"என்ன மாமா, சோத்துக்குள்ள என்னத்தத் தேடுதீங்க?"

"ஒண்ணுமில்ல. கல்லு கெடக்குமோன்னு பாத்தேன்."

"கல்லு கெடக்காது. நான் பாத்துத்தான் வச்சேன்."

இருவரும் சாப்பிட்டோம். குழம்புச் சோறு முடிந்ததும் சொன்னாள்: "ஜகுபர் அண்ணனுக்கு மூணும் பொம்பளப் புள்ளைய மாமா."

மோரை ஊற்றினாள்.

அந்த முட்டை சோற்றுக்கடியில் எப்படி வந்தது என்பதற்கு இதுவரை துப்புக் கிடைக்கவில்லை. காக்கையாக இருக்க முடியாது.

மார்ச் 19, வியாழன்

இன்று சரித்திரத்தில் பொறிக்கப்பட வேண்டிய நாள். வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் நீறு பூசி, இயக்குநர் அம்மாளின் அறைக்குள் சிங்கம் போல நுழைந்தேன். நான் பேச ஆரம்பித்ததும் மின்விசிறி நின்றது, கடல் பின்வாங்கியது, பாம்பன் பாலம் தானாகத் தூக்கிக்கொண்டது.

நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"என்ன வேணும்?" என்றார் அம்மாள்.

"ஜகுபர் இல்ல," என்றேன்.

"ஜகுபர் இல்லன்னா?"

"நான்தான்."

"நீங்களா? எதுக்கு?"

"எல்லாம் ஒரே பந்தியில உக்காந்திருந்துச்சு அம்மா."

சிங்கம் அதோடு வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டுவதற்குத்தான் கழற்றுகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பா இன்னொன்றா என்பது எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போதும் சந்தேகமாகவே இருக்கிறது.

"இனிமே அந்தக் கட்டடத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டேன்."

"ஜகுபர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். அது இயக்குநரிடம் சொன்னதைவிடக் கஷ்டம். ஜகுபர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மூணு நாளா என் வீட்டுல ஒருத்தரும் சிரிக்கல அண்ணாச்சி," என்றார். அப்புறம், "புழுவுக்கே இப்படிப் பாக்குற ஆளு, திங்கக்கெழம எனக்குப் பாக்கலியே?" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மார்ச் 20, வெள்ளி

வடிவு புதிதாகப் புழு எடுத்து, புதிதாக இரண்டு வரிசை உட்கார வைத்திருக்கிறாள். இன்று முதல் கேரியரை வாசல் கேட்டிலிருந்து ஜகுபர் வாங்கிக்கொண்டு போகிறார். முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மூடியைத் திறந்து என்ன குழம்பு என்று பார்த்தார்.

மார்ச் 22, ஞாயிறு

கெட்டுப்போன தட்டின் இரண்டாம் வரிசையிலிருந்து மூவாயிரம் ராணிகள் யானை அளவில் புறப்பட்டு, மண்டபம் ரயில் நிலையத்தை முற்றுகையிட்டன.

சரி. ஒன்று. நீண்ட வயிறும் குட்டைச் சிறகுமாக ஒரே ஒரு ராணி. மற்றவை ராணியும் இல்லை, வேலைக்காரியும் இல்லை, நடுவாந்தரமாம். வடிவு அதை ஒரு கூண்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாள்.

"கணக்குல சேராதவ மாமா இவ. எந்த வரிசையிலயும் எழுத முடியாது."

"அதுக்காக?"

"அதுக்காக ஒண்ணுமில்ல. பாத்துக்கிடுங்க."

ஏப்ரல் 6, திங்கள்

காலையிலிருந்து வாசலிலேயே நின்றேன். வடிவு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"மூடிட்டாகளா?"

"மூடல. முழுசாவும் நம்பல. பவளம் நல்லாருக்குன்னாக. தேனீக்கு இந்த ரெண்டாவது தட்டு ஒண்ணு பத்தாது, இன்னும் மூணு தட்டு போட்டுக் காட்டுன்னுட்டாக. ஒரு வருஷம் குடுத்திருக்காக."

நான் சொம்புத் தண்ணீரை அவளிடம் நீட்டினேன்.

"முதல் தட்டு எப்படிக் கெட்டதுன்னு கேட்டாகளா?"

"கேட்டாக. எங்க மாமா, கல்யாணத்துல பந்தி விசாரிக்கிறவுக, ரெண்டாம் வரிசைக்கு விட்டுப் போச்சுன்னு பரிமாறிட்டாகன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"ஒருத்தரும் நம்பல மாமா. வெளயாடாதீங்க டாக்டர்ன்னுட்டாக. அனந்தலட்சுமி மேடம் எந்திரிச்சு, அது உண்மைதான்னு சொன்ன பொறவுதான் எழுதிக்கிட்டாக."

ஏப்ரல் 7, செவ்வாய்

தொடக்கத்தில் வாக்களித்தபடி, ஒருவரும் நம்பாத கதையை எழுதி முடித்துவிட்டேன். டெல்லிக் குழுவே நம்பவில்லை, இதைவிட வேறு சான்றிதழ் வேண்டுமா?

வாசகர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும். ரசத்தில் நீச்சல் பொய். காக்கை ரயிலேறியது பொய். உளவாளி, முற்றுகை, தூக்கிக்கொண்ட பாலம் எல்லாம் பொய். உள்ளறையில் காற்று வாங்கினது மகாப் பொய்.

ஒன்று மட்டும், மிகச் சின்னதாக ஒன்று மட்டும், நிஜம். அம்பாசமுத்திரத்தில் அக்கா அடுப்படிக்குத் திரும்பிய நேரத்தில், ஒரு சின்னப் பிள்ளையின் தட்டில் சோற்றுக்கடியில் முட்டை வைத்தேன். விரலில் அது பட்டதும் அந்தப் பிள்ளை அண்ணனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சோற்றை இழுத்து அதை மூடிக்கொண்டு, குனிந்து சாப்பிட ஆரம்பித்தது.